எங்க போறே?

நாவலப்பிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி த்ரீவீலரில் மலையேறும்போது மழை விட்டிருந்தது. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முன்பு கணக்கெழுதிய கிளாக்கரின் பழைய வீட்டை இப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தகரக் கூரை, சீமெந்துப் படிகள், முன்னால் மூடுபனிக்குள் போய் மறைகிற தேயிலை. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று.

தனியாகப் பயணம் போவது எனக்குப் பழக்கம். கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. நீண்ட விடுமுறை வந்தால் முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். உடுப்புக்கு ஒரு துணிப் பை, சார்ஜர் வயர்களுக்கு ஒரு சின்னப் பை, சோப்புக்கும் பிரஷ்ஷுக்கும் இன்னொன்று. தண்ணீர்ப் போத்தல் இடது பக்கம், டோர்ச் வலது பக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எங்கே என்று எடுத்துத் தருவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

கம்பளையில் என் அண்ணன் கணேஸ் இருக்கிறார். போன் எடுத்தால் முதல் கேள்வியே, "எங்க போறே, யாரோட போறே, எப்ப வருவே?" ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு வந்தாலோ, ஒரு நாள் பிந்தினாலோ போதும், "பொம்பளப்புள்ள தனியா சுத்துனது போதும்" என்று வேலையையும் விடச் சொல்லிக் கம்பளைக்கே கூட்டிப் போய்விடுவார். என் ஒழுங்கைக் காட்டித்தான் இத்தனை வருஷமாக அவர் வாயை அடைத்துவைத்திருந்தேன். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்காத இரண்டு நாளுக்காக நான் எதையும் செய்வேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற அழகம்மா கீழே தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் இருக்கிறவர். சாவியைத் தந்துவிட்டு என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க தங்கச்சி?"

"ஆமாங்கக்கா."

"போறப்ப எனக்குப் போன்ல ஒரு கோல் குடுங்க. நான் வந்து கூட நின்னு அனுப்பி வைக்கிறேன். தனியா மட்டும் கெளம்பிறாதீங்க."

"ஏங்க்கா, பெட்ஷீட்டைச் சுருட்டிக்கிட்டு ஓடிருவேன்னு பயமா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ராத்திரி எதுவும் நடக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

காலையில் பனி வாசல்வரை வந்து நின்றது. பையைக் கட்டினேன், சரிபார்த்தேன், கதவைப் பூட்டினேன். சாவியை லயத்தில் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் கண்டி. வந்து அனுப்பிவைக்க நானென்ன சின்னப்பிள்ளையா? அழகம்மாவுக்குக் கோல் எடுக்கவில்லை.

முதல் படியில் கால் வைத்தேன்.

"எங்க போறே?"

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல். அதட்டலில்லை. சமையலறையில் வேலையாக இருக்கிறவர் கேட்பது மாதிரிச் சாதாரணமாக இருந்தது. அழகம்மா பின்கதவால் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கவே கூடாது. கேட்டுவிட்டால் தடங்கல். திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை. ஆனாலும் அம்மா பழக்கிய கால், தானாகத் திரும்பியது.

சமையலறையில் யாருமில்லை. பின்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அடுப்பு எரியவில்லை, ஆனால் ஈர விறகின் புகை மணத்தது. அதோடு தலைக்கு வைக்கிற எண்ணெயின் மணமும். முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து என் போத்தலிலிருந்து ஒரு வாய் குடித்தேன். எழுந்தபோது பை இலேசாக இருந்தது.

உடுப்புப் பையைக் காணோம்.

அறைக்குள் போய்ப் பார்த்தேன். அலுமாரி திறந்திருந்தது. என் உடுப்புகள் தட்டில் மடித்து அடுக்கியிருந்தன, என்னைவிட நேர்த்தியாக. நான் மறக்கிறவள் இல்லை. எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் திணித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மடிக்காமல் திணித்தேன். கதவைப் பூட்டிவிட்டுப் படிக்கு வந்தேன்.

"எங்க போறே?"

இந்தமுறை கதவுக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டது. குரலில் அழுகை வந்திருந்தது.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஓடியிருக்கலாம். பயந்துபோனவருக்கு யோசனை ஏது, தெரிந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொள்வார். தடங்கலைக் கழித்தால் விட்டுவிடும் என்று நினைத்தேன். மறுபடி திறந்து உள்ளே போனேன். உட்கார்ந்தேன். போத்தலுக்குக் கையைக் கொண்டுபோனேன். இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

மேசையில் ஒரு செம்பு இருந்தது.

நிறையத் தண்ணீர். யாரோ அப்போதுதான் வைத்ததுபோல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

குடித்தேன்.

எழுந்து பார்த்தால் பை காலியாகிக் கதவு ஆணியில் தொங்கியது. குளியலறைக் கிளாஸில் என் பிரஷ். கட்டிலடியில் என் செருப்பு, காலில் போட்டிருந்த அதே செருப்பு. வெறுங்காலோடு நின்றிருந்தேன். எப்போது கழன்றது என்று தெரியவில்லை.

காதுக்குப் பக்கத்தில் மூச்சு.

"எங்க போறே?"

அதற்குப் பிறகு நான் எதையும் எடுக்கவில்லை. பையும் வேண்டாம், போனும் வேண்டாம். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தேயிலைக்கூடாக விழுந்தெழும்பி ஓடினேன். குரல் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது, திரும்பவேயில்லை. பாதித் தூரத்தில் அழகம்மா மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். என் காலைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"கேட்டுச்சா?"

தலையாட்டினேன்.

"உள்ள போனீங்களா?"

"ரெண்டு தரம் போனேங்கக்கா. தண்ணி குடிச்சேன்."

"யார் வச்ச தண்ணி?"

"மேசைல ஒரு செம்புல இருந்துச்சுங்கக்கா." அவர் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்குக் கப்பலேத்தி அனுப்புன காலத்துல, கிளாக்கரய்யா குடும்பமே போச்சு தங்கச்சி. அவரு தங்கச்சிக்கு மட்டும் போறதுக்குப் பேப்பர் வரல்ல. ஒவ்வொருத்தரா எறங்கிப் போறப்ப வாசல்ல நின்னு எங்க போறே, எங்க போறேன்னு கேட்டாளாம். கேட்டா திரும்பி வந்து ஒக்காந்து தண்ணி குடிப்பாங்கல்ல, அந்த நேரமாச்சும் கூட இருப்பாங்கன்னு. செம்புல தண்ணி வச்சிக்கிட்டே இருந்திருக்கா. ஒருத்தரும் திரும்பல்ல. அந்த வீட்டுலயே தனியாக் கெடந்து செத்துட்டா." கண்ணைத் துடைத்தார். "நீங்க திரும்பிட்டீங்களே தங்கச்சி!"

பாவம் என்றுதான் அப்போது தோன்றியது. அழகம்மா தந்த காசில், அவருடைய செருப்பில் கண்டிக்கு வந்து சேர்ந்தேன். பையும் போனும் போனதை அண்ணனிடம் மறைத்துவிட்டேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரியாது.

அடுத்த பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறைக்குப் புதுப் பை வாங்கிக் கட்டினேன். நான் வாடகைக்குத் தங்கியிருக்கிற போர்டிங்கின் வாசல்வரை போனேன். கால் வெளியே போகவில்லை. திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தேன். அதற்கடுத்த விடுமுறைக்கும் அப்படித்தான். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு" என்கிறார். எனக்கு அழுகை வருகிறது. கடைக்கும் போர்டிங்குக்கும் மட்டும் நடக்க முடிகிறது. ஊரைத் தாண்டிப் போக நினைத்தால் உள்ளே ஒன்று பிடித்துக்கொள்கிறது.

போன வெள்ளிக்கிழமை காலை. என் அறையில் கூட இருக்கிற மதுஷா முதல்முறையாகத் தனியாக எல்ல என்கிற மலையூருக்குக் கிளம்பினாள். பை கட்டச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். "லோஜினிக்கா, ஒங்களைப் பாத்துத்தான் எனக்கே தைரியம் வந்துச்சு" என்று கட்டிப்பிடித்துவிட்டு வாசல் தாண்டினாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒருத்தியாவது போகட்டும் என்று மனதார நினைத்தேன்.

"எங்க போறே?"

மதுஷா திரும்பினாள். நானும் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அறையில் என்னைத் தவிர யாருமில்லை.

"என்னாக்கா நீங்க, போறப்பப் போயி இப்பிடிக் கேக்கிறீங்களே!" என்று செல்லமாகச் சலித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பையை இறக்கிவைத்தாள். கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அவள் கை நீட்டிய இடத்தில், நான் நிரப்பாத தண்ணீரோடு ஒரு கிளாஸ் இருந்தது. அதைப் பிடித்திருந்தது என் கை.