ரிட்லி பாறை

அன்று காலை வில்ஃப் கஞ்சிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கூடாரத்துக்கு வெளியே சறுக்குவண்டி நாய்கள் ஊளையிட்டன. தென்துருவக் கோடை, சூரியன் மறைவதே இல்லை.

"அந்தப் பாறையை முதல்ல பார்த்தவரு நீங்கதானே, ரிட்லி துரை!" என்று என்னைக் குத்திக்காட்டினான். "வரைபடத்துல உங்க பேருதான் வரும்."

"பொறாமைல சட்டி ஓட்டையாயிடப் போகுதுடா," என்றான் நாயோட்டி ஹெக்டர்.

வில்ஃப் சிரிக்கவில்லை. முந்தின நாள் மூடுபனி விலகி அந்தக் கரும்பாறை தெரிந்த நேரத்தில், அவன் குனிந்து நாய்களின் வாரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். அதன்பின் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"முதல்ல கால் வைக்கிறவனுக்குத்தான் பாறை," என்று கிளம்பினான். இடுப்பில் கயிறு கட்டவில்லை.

பாறையடியில் பனி உள்வாங்கியது. பிளவுக்குள் தலைகீழாகச் சிக்கிக்கொண்டான். எங்கள் கயிறு எட்டவில்லை. சற்று நேரம் குரல் மட்டும் வந்தது.

"ரிட்லி, நீ ஏறிடாதே."

பிறகு அதுவும் இல்லை.

கோணம் அளக்காமல் திரும்பினால் பாறைக்கு வரைபடத்தில் இடமில்லை. மறுநாள் அளவைக் கருவியை நிறுத்தினேன். அதன் தொலைநோக்கி எதையும் தலைகீழாகவே காட்டும். எங்கள் கண்ணுக்கு அது பழக்கம். வானம் கீழே, பாறை மேலிருந்து தொங்கியது.

உச்சியில் ஒரு மனிதன்.

தலை பாறையைத் தொட்டிருக்க, கால்கள் வானத்துக்குள் தொங்கின.

கண்ணை எடுத்துப் பார்த்தேன். பாறையில் யாருமில்லை. ஹெக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"ஆள் இருக்கு," என்று கிசுகிசுத்தான். "நேரா இருக்கு."

"நேராவா?"

"தலை மேல, கால் கீழ."

எல்லாம் தலைகீழாகத் தெரியும் கண்ணாடியில் அவன் மட்டும் நேராகத் தெரிந்தான். அப்படியானால் அங்கே அவன் விழுந்தபடியே, தலைகீழாக இருந்தான்.

"ரிட்லி... நம்மளத் திரும்பிப் பாக்குறான்."

ஊர் திரும்பியதும் பாறைக்கு வில்ஃப் கார்சைடின் பெயரை வைக்கும்படி வரைபடக் குழுவிடம் மன்றாடினேன். கார்சைட் என்று ஏற்கெனவே ஒரு பனியாறு இருக்கிறது, ஒரே பெயர் இரண்டு இடங்களுக்குக் கூடாது என்றார்கள். என் பெயரை வைத்தார்கள்.

அடுத்த கோடையில் போனவர்கள், நாங்கள் யாரும் ஏறாத அந்தப் பாறைச் சரிவில் காலடித் தடங்களைக் கண்டார்கள். மிதிபட்டு இறுகிய பனியை விட்டுவிட்டு, சுற்றியிருந்ததைக் காற்று அரித்திருந்ததால் அவை மேடாக நின்றன. ஏறிப்போன தடங்கள். இறங்கியவை இல்லை.

பாறைக்கு இன்னமும் என் பெயர்தான்.