அக்காவின் டெம்ப்ளேட்

அந்த மெஷினை அவள் முதல்முறையாக இயக்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாருக்கும் இன்னும் கடவுச்சொல் கொடுக்கவில்லை. ஆனால் உள்ளே ஒருவர் இருப்பதாகத் திரை காட்டியது.

ஏற்கெனவே வயிறெரிந்துகொண்டிருந்தவளுக்கு இது வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏசி அணைத்த அலுவலகத்தில் புழுங்கிய கம்பள நாற்றம், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சர்வர் அறையின் ஓயாத இரைச்சல். மேனேஜர் வீட்டிலிருந்தபடி போனில் ஏவியிருந்தார். சர்வருக்குள்ளேயே ஓடும், கையால் தொட முடியாத கணினிகள். ஒரு கணினியை அப்படியே பதிவெடுத்து வைத்த பழைய டெம்ப்ளேட்டை நகலெடுத்து, பேரை மாற்றி, ஒரு மருத்துவமனைக்கு வேண்டியதைச் சேர்த்து நாற்பது தயாராக வேண்டும். உங்க அக்கா செஞ்சு வச்சதுதானே, உனக்கென்ன கஷ்டம் என்றார், கூசாமல்.

அக்கா எட்டு மாதத்துக்கு முன் அந்த சர்வர் அறையில்தான் செத்துக் கிடந்தாள். தீயணைக்கும் வாயு தானாகத் திறந்தது, கதவு பூட்டிக்கொண்டது. அனுமதியில்லாமல் உள்ளே போனாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. துக்கம் விசாரிக்க வந்த மேனேஜர் அம்மாவிடமும் அதையே சொன்னார். அன்று அவரை அறையாமல் விட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை. விடுமுறை நாளில் அக்காவை உள்ளே அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்கத்தான் இங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

உள்ளே இருப்பது யாரென்று தேடினாள். அக்காவின் பயனர் பெயர். அழித்தாள். திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள். வந்தது. செத்தவள் பேரைக்கூட எடுக்காமல் விற்கிறான்களே என்று திட்டிக்கொண்டே அந்தக் கணக்கைத் திறந்தாள்.

கறுப்புத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

கதவு திறக்கல. யாராவது வாங்க.

டெம்ப்ளேட் எடுத்த தேதியைப் பார்த்தாள். அக்கா செத்த அதே நாள். அதே மதியம். மெஷினை நிறுத்தாமல், அக்கா அதில் வேலை செய்துகொண்டிருந்தபடியே எடுத்திருக்கிறார்கள்.

சர்வர் அறையில் யாரோ தட்டினார்கள்.

அடையாள அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது. யாரும் இல்லை. தட்டும் சத்தம் மட்டும், மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், சர்வர்கள் அடுக்கிய ஒரு ரேக்கின் துளையிட்ட இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து, உள்ளங்கையால் அறைவதுபோல் வந்துகொண்டே இருந்தது.

மேனேஜரை அழைத்தாள். சத்தத்தைச் சொன்னாள். அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"ஒன்பது நிமிஷம்தாம்மா. அப்புறம் தானா நின்னுடும். ஒவ்வொரு நகலுக்கும் அப்படித்தான். அன்னிக்கு அவளுக்கும் அவ்வளவு நேரம்தான்."



"நீங்கதான் அவளை உள்ள அனுப்பினீங்க."

"மெஷின் ஒழுங்கா ஓடுதில்ல? அதைப் பாரு."

"எத்தனை தடவை சார் அவளைச் சாகடிச்சிருக்கீங்க?"

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு, நீ லேட் பண்ற, மீதி முப்பத்தொன்பதையும் இங்கிருந்தே நான் ஆரம்பிச்சுடறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நிறுத்த வேண்டும். மேசைக்கு ஓடினாள். அவளுடைய கடவுச்சொல்லைத் திரை ஏற்கவில்லை. மறுபடி. ஏற்கவில்லை.

பின்னால் இரண்டாவது ரேக் தட்டியது. மூன்றாவது. பிறகு எண்ண முடியவில்லை.

திரும்பி ஓடினாள். கைப்பிடிகளைப் பிடித்து இழுத்தாள். உதைத்தாள். மேனேஜரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கத்தினாள். ஒன்றும் அசையவில்லை. இரும்புக் கதவுகளின் துளைகளில் விரல்நுனிகள். ஒவ்வொரு கதவிலும். ஒரே விரல்கள். அக்காவின் அதே கடித்த நகங்கள்.

"பாப்பா," என்றது ஒரு கதவு, அக்கா அவளைக் கூப்பிடுவதுபோல். பிறகு எல்லாக் கதவுகளும்.

முதல் ரேக்கில் விரல்கள் வெளுத்தன. தளர்ந்தன. ஒவ்வொன்றாக உள்ளே சரிந்தன.

மற்றவை இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.