கம்பளத்தின் மறுமுனை

“அது சண்டையிலை கோணினது இல்லை, அண்ணை. பிறவிக் கோணல். அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ.”

“கம்பளத்துக்குப் பிறவிக் கோணலோ? தம்பி, இது பகிடி விடுற இடமில்லை.”

“பகிடி இல்லை அண்ணை. ஈரானிலை கஷ்காய் எண்டொரு கூட்டம். ஆடுகளோட மலைக்கு மலை போற ஆக்கள். பொம்பிளையள் நிலத்திலை முளை அடிச்சுத் தறி கட்டி நெய்வினம். ஆடு வெளிக்கிட்டா தறியையும் கழட்டிச் சுருட்டிக்கொண்டு போவினம். அடுத்த இடத்திலை திரும்பக் கட்டேக்கை நூலிலை முந்தின இழுவை வருமோ? ஒரு பக்கம் அகலும், மற்றப் பக்கம் ஒடுங்கும்.”

டென்மார்க்கின் ஓகூஸ் பொலிஸ் நிலையம். 1986, ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் பனியில் கரைந்துகொண்டிருந்தது.

பேசியவன் குருசுமுத்து. மன்னார்க்காரன். பஹ்மன் என்ற ஈரானியரின் கம்பளக் கடையில் வேலை.

கேட்டவர் சிவபாலன். பொலிஸின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இஸ்திரி கலையாத கோட்.

மேசைக்கு அப்பால் இன்ஸ்பெக்டர் எமிலியா.

அவளுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கு ஆங்கிலம் வராது. ஈரானின் ஷிராஸில் லொறி ஓட்டிய காலத்துப் பாரசீகம்தான் முதலாளியோடு பேச உதவியது. டேனிஷ்? கடையில் பொறுக்கிய நிறங்களும் அளவுகளும் மட்டும்.

அவனுடைய உயிர், சிவபாலனின் நாக்கில்!

நேற்றுக் காலை கடையைத் திறந்தான். புதுக் கம்பளத்தின் நடுவில் பஹ்மன். மண்டை பிளந்து...

தூக்கிப் பார்த்தான். கையெல்லாம் ரத்தம். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருத்தி அலறினாள்.

வேறு ஆள் அகப்படாவிட்டால் கொலைகாரன் அவன்தான்.

எமிலியா குனிந்து எதையோ கேட்டாள். நீளமான கேள்வி. அதில் ஒரே ஒரு சொல் அவனுக்கு விளங்கியது.

இளஞ்சிவப்பு.

சிவபாலன் திரும்பினார்.

“முந்தநாள் பின்னேரம் நீ வெளிக்கிடேக்கை அந்தக் கருஞ்சிவப்புக் கம்பளம் விரிச்சிருந்ததோ எண்டு கேக்கிறா.”

குருசுமுத்து நிமிர்ந்தான்.

“என்ன நிறம் அண்ணை?”

“கருஞ்சிவப்பு. காஞ்ச ரத்தம் மாதிரி. ஏன், நீ பாக்கேல்லையோ?”

“அவ இளஞ்சிவப்பெண்டெல்லோ சொன்னவ?”

ஒரு விநாடி... சிவபாலனின் பேனா நின்றது.

“அவ பிழையாச் சொல்லுறா.”

“இல்லை. அவ சொன்னதும் சரி. நீங்கள் சொன்னதும் சரி.”

“உனக்கு விசரோ?”

“நீங்கள் எங்கடை கடைக்குள்ளை வந்திருக்கிறீங்களோ?”

“ஒருநாளும் இல்லை. நேற்றுத் தெருவிலை நிண்டு கண்ணாடியாலை பாத்ததுதான்.”

“தெருவிலை நிண்டா அது கருஞ்சிவப்பாத் தெரியாது அண்ணை.”

குருசுமுத்து மேசைமேல் உள்ளங்கையை ஒருபக்கமாகத் தடவிக் காட்டினான்.

“முடிச்சுப் போட்ட கம்பளத்திலை மயிர் நேரா நிக்காது. நெய்யத் தொடங்கின பக்கமாச் சாஞ்சு கிடக்கும். அந்த முனையிலை நிண்டா நிறம் கறுத்துத் தெரியும். மற்ற முனையிலை நிண்டா வெளிறும். ஆக்களுக்கு முன்னாலை அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டுறதுதானே என்ரை வேலை.”

“அதுக்கு?”

“இந்த நாட்டு மங்கல் வெளிச்சத்துக்கு முதலாளி எப்பவும் வெளிறின முனையைத்தான் வாசலுக்குப் போடுவார். இதையும் அப்பிடித்தான் போட்டிருந்தவர். கறுத்த முனை உள்ளுக்கு, முதலாளியின்ரை அறைப் பக்கம். நான் வீட்டை போகேக்கை அது விரிக்காத சுருள். காலமை வந்து பாக்கேக்கை அவர் அதிலை செத்துக் கிடக்கிறார்...”

குருசுமுத்து குரலைத் தாழ்த்தினான்.

“நீங்கள் அதை எப்ப அண்ணை உள்ளுக்கு நிண்டு பாத்தீங்கள்?”

சிவபாலன் பேனாவை மூடிக் கோட்டுப் பையில் வைத்தார்.

“உங்களுக்குக் காசு தராத அகதியளின்ரை கதையை நீங்கள் மொழிபெயர்க்கேக்கை மாத்திச் சொல்லுறதை முதலாளிக்குச் சொன்னது நான்தான். பொலிசிலை சொல்லுறதுக்கு முதல் உங்களைக் கூப்பிட்டுக் கேப்பன் எண்டவர். கேட்டிருக்கிறார் போலை.”

சிவபாலன் மெல்லச் சிரித்தார்.

“கெட்டிக்காரன்தான். ஆனா உன்ரை கெட்டித்தனத்தை எந்தப் பாஷையிலை வெளியிலை விடப்போறாய்?”

உண்மைதான். மொழியின் கதவு பூட்டித்தான் இருந்தது. திறப்பு கொலைகாரனிடம்!

குருசுமுத்து மேசையின் ஒரு முனையில் உள்ளங்கையை வைத்தான். எமிலியாவைப் பார்த்தான். வாசல் பக்கம் கைகாட்டி, டேனிஷில் ஒரே சொல்.

“இளஞ்சிவப்பு.”

மறுமுனைக்குக் கையை நகர்த்தினான்.

“கருஞ்சிவப்பு.”

எமிலியாவின் புருவம் சுருங்கியது. நேற்று அந்தக் கம்பளத்தைச் சுற்றி நடந்தவள் அவள். நிறம் மாறியதைக் கண்டு, விளக்கின் கோளாறு என்று நினைத்தவள்.

குருசுமுத்துவின் விரல் எழுந்தது. தன் நெஞ்சைத் தொட்டது.

“இளஞ்சிவப்பு.”

பிறகு சிவபாலனின் கோட்டுக்கு நேரே நீண்டது.

“கருஞ்சிவப்பு.”

உள் முனையில், நேற்றுத் தெருவை விட்டு உள்ளே வராத மனிதரா? எமிலியா எழுந்தாள். கதவருகே நின்ற பொலிஸ்காரனுக்குத் தலையை அசைத்தாள். அவன் கதவை மறைத்து நின்றான்.

“மிஸ்டர் சிவபாலன்,” டேனிஷில் அவள் குரல் தணிந்திருந்தது. “இவர் என்ன சொல்கிறார்?”

சிவபாலனின் பார்வை மறிக்கப்பட்ட கதவுக்குப் போனது.

குருசுமுத்து கதிரையில் வசதியாகச் சாய்ந்தான்.

“தமிழிலை எல்லாம் சொல்லி முடிச்சிட்டன். மிச்சம் உங்கடை உத்தியோகம்... கொஞ்சம் மொழிபெயர்த்து விடுங்கோவன், அண்ணை.”