கருடக்கல்லும் சேந்தியும்

மேற்கு வானத்தில் அந்தியின் செம்மை இன்னும் முழுவதும் அடங்கவில்லை. அதற்குள் கிழக்கே, வெள்ளாற்றின் மறுகரையில் கரிய மதில்போல் நின்ற எயினங்காட்டின் மரமுடிகளுக்கு மேலே முழுமதி எழுந்து, ஒரு பக்கம் செம்பாகவும் மறுபக்கம் வெள்ளியாகவும் ஆற்றுநீரை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தது. நாணல் புதர்களில் நாரைகள் அடங்கின. மேற்குக் கரையிலோ அடக்கம் என்பதே இல்லை. நெடுங்குன்றத்து அரசன் கொற்றவேளின் பாசறை அங்கே அரைக் காதம் பரந்து கிடந்தது. யானைகள் பிளிறின, குதிரைகள் கனைத்தன, இவ்விரண்டையும் மிஞ்சும் குரலில் அரசவைப் புலவர்கள், இன்னும் நடக்காத போரில் அரசன் அடைந்த வெற்றியைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாசறையில் ஒவ்வொரு வீரனும் வலது புயத்தில் ஒரு கறுப்புக் கல்லைக் கட்டியிருந்தான். அன்பார்ந்த வாசகர்களே, அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குக் கருடக்கல் என்று பெயர். கருடனின் தொண்டையிலிருந்து விழுந்ததாம். எப்பேர்ப்பட்ட நஞ்சையும் உறிஞ்சிவிடுமாம். இப்படிச் சொன்னவர் இராஜவைத்தியர் பிங்களாச்சாரியார். மூவாயிரம் வீரர்களுக்கு மூவாயிரம் கற்களைத் தொண்டையில் வைத்திருந்த அந்தக் கருடன் எதை எப்படி விழுங்கியது என்று அவரை யாரும் கேட்கவில்லை. அரசவையில் கேள்வி கேட்கிறவர்களுக்கு வயிறு நிறைவதில்லை.

எயினங்காட்டு வேடர்கள் பாம்பின் நஞ்சைத் தோய்த்த அம்புகளை எய்பவர்கள். போன ஆண்டு ஆற்றைக் கடந்த படையில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. இருந்தும், காட்டின் சந்தனமரங்கள்மீதும் யானைகள்மீதும் கொற்றவேளுக்கு இருந்த ஆசை சற்றும் குறையவில்லை. கோடையில் ஆட்களை அனுப்பிக் காட்டோரத்துக் குடிசைகளைக் கொளுத்தினான். அதை அவன் புலவர்கள் திக்விஜயம் என்று பாடினார்கள். மறுநாள் விடியற்காலையில் முழுப் படையும் ஆற்றைக் கடக்க வேண்டும் என்பது கட்டளை.

ஆனால் வீரர்களிடையே ஒரு முணுமுணுப்பு பரவியிருந்தது. “கருடக்கல்லை நம்பிப் போகிறவன் செத்துப்போவான்” என்று வணிக நகரமொன்றில் ஒரு பெண் பலர் அறியச் சொல்லியிருந்தாள். அவளைப் படைமுன் நிறுத்தி அவமானப்படுத்தினால் முணுமுணுப்பு அடங்கும் என்று கருதிய அரசன், முன்னணிப்படைத் தலைவன் தித்தனை அனுப்பி அவளைக் கொண்டுவரச் செய்திருந்தான்.

இதோ, தீவட்டிகளின் நடுவே தித்தனுடன் நடந்து வருகிறாளே, அவள்தான் சாத்தன் மகள் சேந்தி. முப்பதைக் கடந்தவள். ஆபரணம் ஒன்றும் இல்லை. தோளில் ஒரு மூங்கில் கூடை. அதற்குள் ஏதோ சீறிக்கொண்டிருந்தது.

உப்பு வணிகனின் மகளாகப் பிறந்து வண்டித் தொடரிலேயே வளர்ந்தவள் அவள். சிறுமியாக இருந்தபோது ஒரு தங்குமிடத்தில் அவள் தந்தையைப் பாம்பு கடித்தது. மந்திரவாதிகள் சூழ்ந்து நின்று ஓத ஓத அவர் இறந்துபோனார். அதே இடத்தில் கடிபட்ட வண்டிக்காரன் ஒருவன், யாரும் கவனிக்காமல் கிடந்தவன், பிழைத்து எழுந்தான். ஏன் என்று சேந்தி கேட்டாள். “விதி” என்றார்கள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அன்றுமுதல் அவள் பாம்புகளைப் பிடித்தாள். வாயைத் திறந்து பற்களை ஆராய்ந்தாள். நச்சுப்பல் உள்ளே துளையுள்ள ஊசி என்று கண்டாள். கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நஞ்சே இல்லை என்பதையும், கடித்த தடத்தைப் பார்த்தே கடித்தது எது என்று சொல்லிவிடலாம் என்பதையும் ஊர் ஊராகச் சென்று மெய்ப்பித்தாள். வைத்தியர்கள் தம்மிடம் பிழைத்தவர்களை மட்டுமே எண்ணிவந்த காலத்தில், செத்தவர்களையும் எண்ணியவள் அவள். அதனால் எந்த வைத்தியருக்கும் அவளைப் பிடிக்காது. அவளுக்கும் அவர்களைப் பிடிக்காது. அதை அவள் மறைத்ததும் இல்லை.

கொற்றவேள் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“இந்தப் பாம்பாட்டிப் பெண்ணா நம் ஆசாரியாரைப் பொய்யர் என்றது?”

“பாம்பாட்டி பாம்பை ஆட வைப்பவன், அரசே. நான் அதன் வாயைத் திறந்து பார்ப்பவள். ஆட்டி வைக்கும் தொழிலை இங்கே வேறொருவர் செய்கிறார்” என்று சேந்தி பிங்களாச்சாரியாரைப் பார்த்துச் சொன்னாள்.

பின்வரிசை வீரர்களில் சிலர் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆசாரியாரின் முகம் கறுத்தது. “அரசே! சாஸ்திரம் அறியாத பெண்ணோடு வாதிடுவது எனக்கு இழுக்கு!”

“வாதிட வேண்டாம்” என்றாள் சேந்தி. “கோழிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதிக்குக் கல்லைக் கட்டுங்கள். மீதியை வெறுமனே விடுங்கள். எவற்றுக்குக் கட்டியிருக்கிறது என்று தெரியாதபடி துணியால் சுற்றிவிடுங்கள். நான் திரும்பி நின்றுகொள்கிறேன். எனக்கு எது வேண்டுமோ அதையே என் கண் பார்த்துவிடக் கூடாது, உங்கள் கண்ணும்தான்.”

இது என்ன விசித்திரம் என்று அவையோர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படி ஒரு சோதனையை அந்நாட்டில் யாரும் கண்டதில்லை. சமையல் கூடாரத்திலிருந்து கோழிகள் வந்தன. சேந்தி ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஆசாரியார் மந்திரம் சொல்லித் தம் கையாலேயே கற்களைக் கட்டினார். பிறகு அவள் கூடையைத் திறந்து நல்லபாம்பின் தலையைப் பற்றி, இலை போர்த்திய சிரட்டையில் அதைக் கடிக்கவைத்து, வடிந்த நஞ்சில் முள்ளைத் தோய்த்து ஒவ்வொரு கோழியையும் குத்தினாள்.

வெற்றிலை போட்டுத் துப்பும் நேரந்தான் ஆயிற்று. கோழிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. துணியை அவிழ்த்துப் பார்த்தார்கள். கல் கட்டியதும் செத்திருந்தது; கட்டாததும் செத்திருந்தது.

“கோழிக்குப் பக்தி கிடையாது!” என்று பிங்களாச்சாரியார் கூவினார். “பக்தி இல்லாத இடத்தில் கல் வேலை செய்யாது!”

“ஆசாரியாருக்குப் பக்தி உண்டல்லவா? கையை நீட்டுங்கள்.” சேந்தி அந்த முள்ளை அவர் முன்னே பிடித்தாள்.

ஆசாரியார் பின்வாங்கிய வேகத்தில் அவருடைய உத்தரீயம் தீவட்டியில் பட்டுப் பொசுங்கியது. “இன்று... இன்று எனக்குச் சந்திராஷ்டமம்” என்றார்.

இம்முறை வீரர்கள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. கொற்றவேள் ஆசனத்தின் கைப்பிடியை ஓங்கி அறைந்தான். “போதும்! கோழி எக்கேடாவது கெடட்டும். மனிதன் பிழைத்ததை என் கண்ணால் கண்டேன். தித்தா, முன்னே வா! மூன்று மாதங்களுக்கு முன் உன்னை நல்லபாம்பு கடித்தது, வாயில் நுரை தள்ளி விழுந்தாய், ஆசாரியார் கல்லை வைத்ததும் எழுந்தாய். உண்டா, இல்லையா? இவளுக்குச் சொல்!”

தித்தன் முன்னே வந்தான். மதிநிலவில் அவன் முகம் அமைதியாகவே இருந்தது. “உண்டு, அரசே.”

“காலைக் காட்டுங்கள்” என்றாள் சேந்தி.

அவன் ஒரு பாறைமேல் காலை வைத்தான். அவள் தீவட்டியை வாங்கிக் குனிந்தாள். குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை.

வாசகர்களே, எதற்கும் தயங்காத சேந்தி அப்போது தயங்கினாள். வழிப்பயணம் முழுவதும் அவள் பேசியதைக் கவனித்துக் கேட்ட ஒரே மனிதன் இவன். மற்றவர்கள் அவள் கூடையைக் கண்டு விலகி நடந்தபோது இவன் பக்கத்தில் வந்தான்; முட்டாள்தனமான கேள்வி ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. உலகில் பாதிப்பேரை அறிவிலிகள் என்றும் மீதிப்பேரைப் பொய்யர்கள் என்றும் ஒதுக்கி வாழ்ந்தவளுக்கு, இரண்டிலும் சேராத ஒருவனைக் கண்ட மகிழ்ச்சி புதிது. அந்த மகிழ்ச்சியை இப்போது அவள் தன் வாயாலேயே அணைக்க வேண்டியிருந்தது.

அவனும் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “பார்த்துவிட்டீர்கள்” என்றான்.

சேந்தி நிமிர்ந்தாள்.

“நல்லபாம்பு கடித்தால் இரண்டு துளைதான் இருக்கும். பிழைத்தாலும் அந்த இடத்துச் சதை அழுகிப் பள்ளம் விழும். இங்கே பள்ளம் இல்லை. வளைவாக வரிசை வரிசையாய்ச் சிறு பல் தடங்கள். இவரைக் கடித்தது தண்ணீர்ப்பாம்பு. அதற்கு நஞ்சே கிடையாது.”

“பாம்பை மாற்றி நினைத்துவிட்டான், அதனால் என்ன?” என்றான் அரசன்.

“தண்ணீர்ப்பாம்பு கடித்தவன் வாயில் நுரை எப்படி வந்தது? அன்று இவரைத் தூக்கி வந்தது யார்?”

காடன் என்ற வீரன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். “நான்தாங்க தூக்கியாந்தேன்! அந்த நுரை என் தோளெல்லாம் வழிஞ்சுது. பூந்திக்கொட்டை போட்டு வெளுத்த துணி மாதிரி வாடை அடிச்சுது. விஷத்துக்கு அப்படித்தான் வாடை இருக்குமாக்கும்னு இருந்துட்டேன்!”

“விஷத்துக்கு அந்த வாடை கிடையாது. பூந்திக்கொட்டைக்குத்தான் உண்டு” என்றாள் சேந்தி. “தண்ணீர்ப்பாம்பைத் தானே கடிக்கவிட்டு, கொட்டையை மென்று நுரை தள்ளியிருக்கிறார். ஆசாரியாரின் கல்லை இந்தப் படை நம்ப வேண்டும் என்று இவர் விரும்பினார். கல்லை நம்பிய படை கேடயத்தைத் தாழ்த்திக்கொண்டு நஞ்சு அம்புகளுக்கு எதிரே போய் நிற்கும். அதனால் யாருக்கு லாபம் என்று நீங்களே யோசியுங்கள், அரசே. அந்த வேலையாவது உங்களுடையதாக இருக்கட்டும்.”

வீரர்களின் கண்களெல்லாம் தித்தன்பக்கம் திரும்பின.

தித்தன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே உடைவாளை உருவி, பக்கத்தில் நின்ற பிங்களாச்சாரியாரின் கழுத்தை இடக்கையால் வளைத்தான்.

“தித்தன் என்று ஒருவன் இல்லை, கொற்றவேளே! எயினங்காட்டுத் தலைவரின் தம்பி எழினி நான். கோடையில் நீர் கொளுத்திய குடிசைகளில் ஒன்றில் என் அக்காள் இருந்தாள். உம்மைக் கொல்ல ஒரு வாள் போதும் என்றார் அண்ணன். வாள் எதற்கு, உம்முடைய ஆசாரியாரே போதும் என்றேன் நான். இவர் என்னோடு சதி செய்தார் என்று மட்டும் நினைத்துவிடாதீர். அதற்கெல்லாம் மூளை வேண்டும். இவர் உண்மையாகவே தம் கல்லை நம்பினார், முள்ளைக் காணும்வரை!”

“வில்லாளிகளே!” என்று அரசன் அலறினான். ஆனால் ஆசாரியாரின் பருத்த உடல் குறுக்கே இருந்தது. அவரை இழுத்துக்கொண்டே எழினி கரையோரம் நின்ற அரசனின் வெண்புரவியை அடைந்தான். அவரைச் சேற்றில் உருட்டிவிட்டுச் சேணத்தில் தாவி ஏறினான். நீரில் இறங்குமுன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான்.

“நங்கையாரே! வழியில் இரண்டு முறை உம்மைக் கொல்ல வாளில் கை வைத்தேன். முதல் முறை முட்டைக்குள் பாம்புக்குஞ்சு எப்படிச் சுருண்டு கிடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர். இரண்டாம் முறை அது முட்டையோட்டை எப்படிக் கிழிக்கும் என்று. முடிவைக் கேட்டுவிட்டுக் கொல்லலாம் என்று இருந்தேன். நீர் முடிக்கவே இல்லை!”

“மூவாயிரம் பேரைக் கொல்ல வந்தவர், முடிவு தெரியாமலே போங்கள்!” என்று சேந்தி சொன்னாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

புரவி நீரில் பாய்ந்தது. அம்புகள் நிலவொளியை மட்டும் துளைத்தன. நடு ஆற்றில் புரவியின் வெண்மை ஒருமுறை மின்னி, நாணல் நிழலில் மறைந்தது.

கொற்றவேள் சேந்தியின்பக்கம் பாய்ந்து வந்தான். “கல் பொய்யென்றால் அந்த நஞ்சுக்கு மெய்யான மருந்து என்ன? சொல்!”

“தெரியாது.”

அவையோர் சிரித்தார்கள். இத்தனை நேரம் அடங்கிக் கிடந்தவர்களுக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தது. “மருந்து தெரியாதவளுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்றார் அமைச்சர்.

“தெரியாது என்று சொல்லத் தெரியாத நீங்கள்தாம் கருடக்கல் என்று எலும்பைச் சுட்டு மூவாயிரம் பேர் கையில் கட்டினீர்கள்” என்றாள் சேந்தி. “நான் ஆணையிட்டுச் சொல்கிறேன். அந்த நஞ்சுக்கு மருந்தைக் கண்டுபிடித்து, கல் கட்டாத கோழியையும் கட்டிய கோழியையும்போல் அதையும் சோதித்துப் பார்க்கும்வரை, எந்த அரசனின் கூரைக்கடியிலும் நிற்கமாட்டேன். உங்கள் கூரையைவிட என் வண்டிக்கூடு சுத்தமானது.”

“ஆணை இருக்கட்டும்!” அரசனின் கண்கள் சுருங்கின. “ஊர் ஊராகப் பாம்பு தேடி அலைந்தவள் நீ, இந்த ஆற்றோரத்தில் எல்லாப் புற்றும் பொந்தும் உனக்குத் தெரியுமே. மறுகரை செங்குத்தானது. அவன் எந்தத் துறையில் கரையேறுவான்? இப்போதே ஆட்களை அனுப்பினால் மடக்கிவிடலாம். தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“சொல்!”

“சொல்லமாட்டேன்.” சேந்தி கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “இன்று மூவாயிரம் உயிர்களை உங்களுக்குத் தந்திருக்கிறேன், அரசே. ஓர் உயிரை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.”

“பிடியுங்கள் இவளை!” என்று கொற்றவேள் கத்தினான்.

காடன் தன் புயத்திலிருந்த கறுப்புக் கல்லை அவிழ்த்துக் கீழே போட்டான். அவனுக்குப் பின்னே இன்னொருவன் போட்டான். பிறகு வரிசை வரிசையாக, பாசறையின் கடைசி வரைக்கும், கற்கள் மண்ணில் விழும் ஓசை எழுந்தது. அந்த ஓசையின் நடுவே சேந்தி நடந்து போனாள். ஒருவனும் அவளைப் பிடிக்க அசையவில்லை.