கலுங்குக்கு எந்த ‘லு’?

பரளச்சியில் கோகிலாம்பாளோடு பேச ஒரே ஓர் ஆள்தான் இருந்தது. அந்த ஆள் யார் என்று அவளுக்கே தெரியாது. அதுதான் இதில் வேடிக்கை.

கோகிலாவின் அப்பா கும்பகோணத்தில் இருந்த கடையை மூடிவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமே போய்விடலாம் என்று அந்த வருஷம் பரளச்சிக்கு வந்து மளிகைக் கடை வைத்தார். அது அறுபத்தெட்டாம் வருஷம். மழை ஏமாற்றிய வருஷம். அப்பாவுக்குக் கடையே கதி. அம்மாவுக்குக் கைக்குழந்தையே கதி. பத்து வயதுக் கோகிலாவுக்குப் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாளே வம்பு வந்துவிட்டது. வாத்தியார் பாடம் வாசிக்கச் சொன்னார். கோகிலா ‘வாழைப்பழம்’ என்று வாசித்தாள். நாக்கை நன்றாக மடித்து, ஒவ்வொரு ‘ழ’வையும் கண்ணாடிப் பாத்திரம் போலப் பத்திரமாக இறக்கி வைத்தாள். வகுப்பே சிரித்தது.

“ஏலே, அந்தப் புள்ளைய இன்னொருக்கா வாளப்பளம் சொல்லச் சொல்லுலே” என்றான் கடைசி வரிசைக் கருத்தப்பாண்டி.

அதிலிருந்து அவளுக்கு ‘ழன்னா’ என்று பேர் ஒட்டிக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாலே ஒரு கூட்டம் கூடியது. அதனால் அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தின் ஒரு பக்கத்தில் அவளும், மறுபக்கத்தில் மற்ற எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆனால் ‘அழுகை’யிலும் ஒரு ‘ழு’ இருக்கிறதே, யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலம் ஆனால் பஞ்சாயத்துப் படிப்பகத்துக்குப் போவாள். அருப்புக்கோட்டையிலிருந்து வரும் மத்தியான பஸ்ஸில் ஒரே ஒரு பத்திரிகை அங்கே வந்து இறங்கும். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தவசி, முக்கால்வாசி நேரம் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பார். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் தினமும் குறுக்கெழுத்து வரும். கும்பகோணத்தில் அவளும் அப்பாவும் சேர்ந்து போடுவார்கள். இங்கே அப்பாவுக்கு நேரமில்லை.

ஆனால் அவள் போவதற்குள் யாரோ எல்லாக் கட்டங்களையும் பென்சிலால் நிரப்பிவிடுவார்கள். நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் ஓரத்தில் எழுதினாள்: ‘ஐயா, தயவுசெய்து பாதியை எனக்கு விடவும்.’

மறுநாள் பதில் இருந்தது. ‘சரி. இடமிருந்து வலம் எனக்கு. மேலிருந்து கீள் ஒனக்கு.’

‘கீழ்’ என்பதைக் ‘கீள்’ என்று எழுதியிருந்தது. கோகிலா சிரித்துக்கொண்டாள். முந்தைய நாள் பத்திரிகையும் அங்கேயே கிடக்கும் என்பதால், அன்றிலிருந்து தினமும் பத்திரிகையின் ஓரத்தில் பேச்சு நடந்தது.

‘ஆட்டுக்கு உண்டு, கழுதைக்கு இல்லை’ என்று ஒரு நாள் குறிப்பு வந்தது. விடை, கொம்பு. அதற்குப் பக்கத்தில் அந்த ஆள் எழுதியிருந்தது: ‘எங்க ஆட்டுக்கும் இல்ல. அதுக்காக அது களுதையா?’

கோகிலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தவசி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். பகல் முழுவதும் யாரோடும் பேசாத பிள்ளைக்கு, சாயங்காலம் ஒரு கடுகளவு சிரிப்பு கிடைத்தால் போதாதா?

இன்னொரு நாள் ‘மளை’ என்று கட்டத்தில் இருந்தது. கோகிலா சிவப்புப் பென்சிலால் திருத்தி, ‘மளை இல்லை, மழை’ என்று எழுதினாள். மறுநாள், ‘சரி. மழை’ என்று பதில் வந்தது. கோகிலாவுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்த ‘ழ’வுக்காக எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்த ‘ழ’வுக்கு இங்கே ஒருவர் சரி என்று தலையாட்டுகிறார். அதற்குப் பிறகு அவள் குறுக்கெழுத்தைப் போடுவதை விட்டுவிட்டு, சிவப்புப் பென்சிலோடு தப்புத் தேட ஆரம்பித்தாள்.

ஒரு திங்கட்கிழமை. ‘ஏரி நிறைந்தால் மிகுந்த நீர் வெளியேறும் இடம்’ என்று குறிப்பு. அந்த ஆள் ‘கலுங்கு’ என்று எழுதியிருந்தது.

கோகிலா அப்படி ஒரு வார்த்தையைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் என்ன? இந்த ஆள் எழுதினால் ‘ழ’ தப்பாகத்தானே இருக்கும்? ‘லு’வை அடித்துவிட்டு, மேலே கொட்டை எழுத்தில் ‘ழு’ போட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ரொம்பவே கேலி செய்திருந்தார்கள். அந்தக் கோபத்தையும் சேர்த்து ஓரத்தில் எழுதினாள்: ‘கழுங்கு! உனக்கு ழ வரவே வராதா? பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லையா?’

எழுதிவிட்டு, தன் பங்கான மேலிருந்து கீழ்க் கட்டங்களைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை குறுக்கெழுத்தில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. நூலில் கட்டியிருந்த பென்சில் துண்டு அசையாமல் கிடந்தது. பக்கத்தில் முந்தைய நாள் விடை அச்சாகியிருந்தது. கலுங்கு. அதே ‘லு’ வழியாக மேலிருந்து கீழே இறங்கிய வார்த்தை, எலும்பு. ‘நாய்க்குப் பிடித்தது’ என்பது அதற்கான குறிப்பு.

கோகிலாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளுடைய ‘ழு’வைப் போட்டால் நாய்க்குப் பிடித்தது ‘எழும்பு’ என்று ஆகும். கீழே ஒரு தடவை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

‘மன்னிக்கவும். கலுங்குதான் சரி’ என்று எழுதி வைத்தாள். புதன்கிழமை பதில் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. இருந்த ஒரே துணையையும் தன் கையாலேயே விரட்டிவிட்டோமே என்று இருந்தது. இரவு சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை தாகத்துக்குப் படிப்பகத்துப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். அந்த ஈரக் கையோடு பத்திரிகையைப் புரட்டினாள். ஓரம் நனைந்து சுருங்கியது. கோகிலா உற்றுப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் கீழ் ஓரத்தில் ஏற்கனவே அதே போல் ஒரு சுருக்கம், காய்ந்து போய் இருந்தது. முந்தைய நாள் பத்திரிகையை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது. அதற்கு முந்தைய நாளும்.

அப்படியானால் அந்த ஆள் தினமும் வருகிறது. ஈரக் கையோடு வருகிறது. படிக்கிறது. எழுதத்தான் இல்லை.

“தவசி மாமா, இந்தப் பானைக்கு யார் தண்ணி ஊத்தறது?”

“அளகுத்தாயி மக. பஸ்ஸு வந்ததும் வந்துருமே” என்றார் தவசி, கண்ணைத் திறக்காமலே.

மறுநாள் சனிக்கிழமை. பஸ் வந்து நின்றபோது கோகிலா படிப்பகத்துக்குள் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். கோகிலாவைவிட ஒரு வயது கூட இருக்கலாம். தண்ணீரைப் பானையில் ஊற்றினாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். சரியாகத் துடைக்கவில்லை. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, உதடு அசைய ஒவ்வொரு குறிப்பாகப் படித்தாள். பென்சிலைத் தொடவில்லை.

“நீதானா?” என்றாள் கோகிலா.

அந்தப் பெண் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தாள். “நா ஒண்ணும் கிறுக்கல.”

“நான்தான் கிறுக்கினேன். சிவப்புப் பென்சில்ல.”

அவள் கோகிலாவை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்களா? செவப்புல திருத்தவும் யாரோ வாத்தியாருன்னு நெனச்சேன்.” குடத்தின் விளிம்பைத் தேய்த்தாள். “பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லையான்னு கேட்டீகல்ல? போயிருக்கேன். அஞ்சு வருசம் போயிருக்கேன். அம்மா காட்டு வேலைக்குப் போவுது, தம்பியப் பாக்க ஆளில்லன்னு நிப்பாட்டிட்டாக.”

கேலி செய்தால் எப்படி வலிக்கும் என்று இந்த ஊரிலேயே கோகிலாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்திருக்கிறாள்.

“எனக்குக் கலுங்குன்னா என்னன்னே தெரியாது. தெரியாமலே திருத்திட்டேன். நாய்க்கு எழும்பு போட்டது நான்தான்.”

அந்தப் பெண் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். “அன்னைக்கு எங்க வீட்டு நாயிகிட்டக் கேட்டேன், எழும்பு வேணுமான்னு. அது எந்திரிச்சுப் போயிருச்சு.”

அவள் பெயர் மாரிக்கனி.

“கலுங்கு பாக்கணுமா? கம்மாயிலதான இருக்கு, வாங்க” என்றாள்.

“வான்னு சொல்லு” என்றாள் கோகிலா.

கண்மாய் வெடித்துக் கிடந்தது. கரையின் ஒரு கோடியில், தாழ்வான கல் சுவரும் அதன்மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்களும் இருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“இதான் கலுங்கு. கம்மா பெருகுனா இந்தக் கல்லு சந்துல தண்ணி வளியும். சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும். மளை வந்தா…” சட்டென்று நிறுத்திக் கோகிலாவின் முகத்தைப் பார்த்தாள்.

“மழை வந்தா?” என்று நாக்கை மடிக்கப் போன கோகிலா, மடிக்காமல், “ம், வந்தா?” என்று மட்டும் கேட்டாள்.

“வந்தா ஒன்னையும் கூட்டிட்டு வாரேன்” என்றாள் மாரிக்கனி. பிறகு கண்ணைச் சிமிட்டினாள். “எனக்கு ஒரு சந்தேகம். ஒங்க கடை போர்டுல மளிகைன்னுதான போட்டிருக்கு. அதை ஏன் நீ இன்னும் திருத்தல?”

இருவரும் சிரித்த சிரிப்பில் கலுங்குக் கல்லில் உட்கார்ந்திருந்த ஓணான் இறங்கி ஓடியது.

திங்கட்கிழமை சாயங்காலம் கோகிலா படிப்பகத்துக்குப் போனாள். இடமிருந்து வலம் எல்லாம் நிரம்பியிருந்தது, ஒரே ஒரு கட்டத்தைத் தவிர. ‘வி’க்கும் ‘க்கு’வுக்கும் நடுவில் காலியாக இருந்தது. ஓரத்தில் எழுதியிருந்தது: ‘இது எந்த ல? நீ போடு.’

விளக்கு. கோகிலாவுக்குத் தெரியும். ஆனாலும் பென்சிலை வைக்கும் முன் கீழே பார்த்தாள். ‘கதிர் அடிக்கும் இடம்.’ களம். சரியாக இருந்தது. ‘ள’ போட்டுவிட்டுப் பக்கத்தில், ‘கீழே பார்த்துவிட்டுத்தான் போட்டேன்’ என்று எழுதினாள்.

எழுதும்போது விரல் பட்டது. பத்திரிகையின் ஓரம் இன்னும் ஈரமாகவே இருந்தது. எப்போதும் இந்நேரத்துக்குள் காய்ந்துபோயிருக்குமே?

கோகிலா வாசலுக்கு ஓடினாள். காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு மாரிக்கனி படியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு எழுத்துப் போட எம்புட்டு நேரம்?” என்றாள்.