ஆடாமல் நிற்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, மத்தான்சாஸ் நகரில் ஆற்றையொட்டி நிற்கும் பழைய நடனக்கூடத்தின் மாடிப்படிகளில் நெரேய்தா தன் அம்மாவோடு ஏறிக்கொண்டிருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு படி. எட்டாவது படியிலேயே ஹெர்மீனியாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"நில்லும்மா. டாக்டர் என்ன சொன்னார்?"

"படி ஏறாதேன்னார், ஆடாதேன்னார், பன்னிக்கறி திங்காதேன்னார். அப்புறம் எதுக்குடி உசிரோட இருக்கிறது? உங்கப்பா போய் ரெண்டு வருஷமா நான் வீட்டைத் தாண்டல. பெத்த பொண்ணு வாசிக்கிறதைக் கேக்கக்கூட வரக் கூடாதா?"

"தாராளமா கேளு. ஆனா நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"பண்ணியாச்சு, பண்ணியாச்சு." ஈயை ஓட்டுவது போலக் கையை வீசிவிட்டு ஹெர்மீனியா அடுத்த படியில் கால் வைத்தாள். அவள் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து நெரேய்தாவுக்குத் தூக்கம் சரியில்லை. அவளுக்கென்று மிச்சம் இருந்தது அம்மா ஒருத்திதான்.

நெரேய்தா ஹவானாவில் பன்னிரண்டு வருஷம் பியானோ படித்தவள். சொல்லிக்கொடுத்தது ஒரு சோவியத் அம்மாள். தாளில் எழுதியிருந்தால் போதும், எவ்வளவு கடினமான சங்கீதமானாலும் ஒரு புள்ளி பிசகாமல் வாசித்துவிடுவாள். தாளை எடுத்துவிட்டால் மட்டும் கை மரக்கட்டை. அதுவே அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கல்லூரியில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு நடனத்துக்கு வாசிக்கும் இந்தக் குழுவில் வந்து சேர்ந்தாள். குழுவில் எல்லாரும் அவளை 'ரஷ்யாக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மேடையில் எவரிஸ்தோ மாஸ்டர் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழுவின் தலைவர் அவர். சொல்வதை இரண்டு தடவை சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. இந்தக் கூடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒவ்வொரு வாரமும் சொல்வார்.

"கடைசிப் பகுதி எட்டு சுத்து. நான் முஷ்டியை மூடினா முடிச்சுடணும். விரலைப் பாக்காதே, என் கையைப் பாரு."

"மத்த கூடத்துல நாப்பது சுத்து போறோமே மாஸ்டர். எனக்கு இப்பத்தான் கொஞ்சம் சொந்தமா வருது..."

"இங்க எட்டு."

அவர் நகர்ந்ததும் செனோன் பக்கத்தில் வந்தார். சுரைக்குடுக்கையில் கீறல் போட்டு, குச்சியால் உரசித் தாளம் போடுகிறவர் அவர். வாய் சும்மா இருக்காது.

"ரஷ்யாக்காரி, உனக்குக் காரணம் சொல்லலையா? பதினோரு வருஷம் முந்தி இப்படித்தான் ஒரு பியானோக்காரன் இழுத்துக்கிட்டே போனான். ரமோனான்னு ஒரு பொம்பளை ஆடிக்கிட்டிருந்தா. பாட்டு முடிஞ்சுது. ஆம்பளை கைகொடுத்துப் பொம்பளையைக் கூட்டிட்டுப் போறதுதானே முறை? அவளையும் ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். படி இறங்குறதைக் கூடமே பாத்துச்சு."

"அப்புறம்?"

"ஆத்துல எடுத்தாங்க."

"கூட்டிட்டுப் போனவன்?"

செனோன் குச்சியால் காதைச் சொறிந்தார். "நாங்க பாத்தது அவளை மட்டும்தான்."

புதிதாக வந்தவளை ஓட்டுகிறார் என்று நெரேய்தா நினைத்தாள். போன வாரம்தான், பியானோவுக்குள் எலி குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லி அவளை அலற வைத்திருந்தார் மனிதர்.

நாலு மணிக்குக் கூடம் நிறைந்தது. தான்சோன் என்ற அந்த ஜோடி நடனம் ஆட வருகிறவர்கள் முறை தெரிந்தவர்கள். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும், பிறகு நடுநடுவிலும், பதினாறு சுற்று இளைப்பாறும் பகுதி வரும். பசேயோ என்பார்கள். அது ஒலிக்கும்போது ஒரு கால் அசையாது. ஆண் கையை விட்டுவிடுவான். பெண் விசிறியை விரித்துக்கொண்டு நிற்பாள். நலம் விசாரிப்பார்கள், வம்பு பேசுவார்கள். அது முடிந்த அடியில் மறுபடி கைகோத்து ஆட ஆரம்பிப்பார்கள். கடைசியில் வருவதுதான் மொந்துனோ. அதில் தாள் கிடையாது. ஒரே சுற்று திரும்பத் திரும்ப ஓட, வாசிக்கிறவர் மனதுக்குத் தோன்றியதை அதன்மேல் வாசிக்கலாம்.

மூன்றாவது பாட்டில் ஜன்னல் பக்கம் தரை காலியாக இருந்தது.

நெரேய்தா அதைக் கவனித்தாள். அத்தனை நெரிசலிலும் ஒவ்வொரு ஜோடியும் அந்த இடத்துக்கு ஓரடி முன்னாலேயே திரும்பிக்கொண்டது. யாரும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆற்றுச் சேற்று வாடை வந்தது. கூடவே ஆண்கள் தலைக்குப் பூசும் பழங்காலத்து வாசனைத் தைலம்.

மொந்துனோ தொடங்கியது. முதல் நாலு சுற்று அவள் வழக்கம்போலப் பயந்து பயந்து வாசித்தாள். ஐந்தாவதில் வலது கை ஒரு சிறு இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில், தரையில் ஒரு செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது.

சரியாக அந்த இடத்தில். அளவெடுத்து வைத்தது போல.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபடி இடைவெளி விட்டாள். மறுபடி பதில் வந்தது. அவள் ஒன்று கேட்க, அந்தக் கால் ஒன்று சொல்ல, அதற்கு விரல்கள் தானாகவே மறுமொழி தேடிக்கொண்டன. பன்னிரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது மடை திறந்தாற்போல ஓடி வந்தது. இதுதான், இதற்குத்தான் நான் வந்தேன் என்று நெரேய்தா நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதுவரை வாசித்ததே இல்லை.

எத்தனை சுற்று போனது என்று அவளுக்குத் தெரியாது.

பிறகு, வயலின் கேட்கவில்லை என்பது உறைத்தது.

குழலும் இல்லை. முரசும் இல்லை.

அவள் பியானோவும் அந்தச் செருப்பும் மட்டும்.

கண்ணைத் திறந்தாள். எவரிஸ்தோ மாஸ்டரின் மூடிய முஷ்டி அந்தரத்தில் நின்றிருந்தது. அது எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறதோ தெரியவில்லை. செனோன் குடுக்கையை மடியில் போட்டுவிட்டு வாயைப் பொத்தியிருந்தார். ஜோடிகள் எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள்.

அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

ஜன்னல் பக்கத்தில் ஹெர்மீனியா தனியாக ஆடிக்கொண்டிருந்தாள்.

தனியாக என்று சொல்லிவிட முடியாது. அவள் வலது கை தோளுயரத்தில் எதையோ பிடித்திருந்தது. இடது கை எதன்மேலோ படிந்திருந்தது. அவள் முதுகில், வெள்ளைச் சட்டைத் துணி உள்ளங்கை அளவுக்கு உள்ளே அமுங்கி, நனைந்து, ஐந்து விரலாகத் தெரிந்தது. அவள் முகத்தில் சிரிப்பு. உதடு நீலம்.

நெரேய்தா சட்டென்று கையைத் தூக்கினாள்.

பியானோ நின்றது. அம்மாவின் கால்கள் நிற்கவில்லை. தாளம் இல்லாத அந்த நிசப்தத்தில் அவை முன்னைவிட வேகமாக இழுபட்டன. ஒரு செருப்பு கழன்று உருண்டது. ஹெர்மீனியாவின் தொண்டையிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது.

"வாசி! நிறுத்தாதே!" மாஸ்டர் கிசுகிசுத்தார்.

நெரேய்தா பழையபடி வாசித்தாள். கால்கள் நிதானத்துக்கு வந்தன. ஆனால் அம்மாவின் கழுத்து நரம்பு துடிப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் தாங்குமா அந்தப் பாதி இதயம்?

"முடிச்சுடட்டுமா மாஸ்டர்? ஒழுங்கா முடிச்சுட்டா விட்டுடுவானா?"

"முடிச்சா முறைப்படி கையைக் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடுவான். ரமோனாவை அப்படித்தான்..."

வாசித்தால் இதயம் நின்றுவிடும். நிறுத்தினால் அதைவிடச் சீக்கிரம். முடித்தால் ஆறு. நெரேய்தாவின் விரல்கள் சுற்றியதையே சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணீரில் பியானோக் கட்டைகள் மங்கலாகத் தெரிந்தன. அம்மா இப்போது சிரிக்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறை, என்று நெரேய்தாவுக்குத் தோன்றியது.

இவன் முறை தெரிந்தவன். பாட்டு முடிந்தபின் கைகொடுத்துக் கூட்டிப்போகிற அளவுக்கு.

மொந்துனோவுக்குப் பிறகு பசேயோவுக்குத் திரும்புவதை அந்தத் தீவில் எவரும் செய்ததில்லை. பாட்டு தெரியாதவன் என்று அடித்து விரட்டுவார்கள். அவள் எதையும் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் இறக்கி, பாட்டின் முதல் வரிக்குப் போனாள்.

இளைப்பாறும் பகுதி.

கால்கள் நின்றன.

அம்மாவின் வலது கை மெல்லக் கீழே இறங்கியது. யாரோ கவனமாக இறக்கி வைத்தது போல இருந்தது. முதுகில் அமுங்கியிருந்த துணி நிமிர்ந்தது. ஹெர்மீனியா ஒரு பெருமூச்சு விட்டாள். இடுப்பிலிருந்து விசிறியை எடுத்து விரித்தாள்.

நெரேய்தா எண்ணினாள். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலு. பதினாறு தீரும் முன்னே மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஜன்னல் பக்கத்துப் பலகை ஒன்று லேசாகக் கிரீச்சிட்டது. யாரோ ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார்கள்.

"மாஸ்டர். இப்பப் போங்க. தயவுசெஞ்சு."

எவரிஸ்தோ வயலினைக் கீழே வைத்தார். அவருக்கு எழுபது வயது. அவ்வளவு பெரிய தரையை அவர் ஒற்றை ஆளாகக் கடந்தார். ஹெர்மீனியாவின் முன் போய் நின்று, அவளுக்கு இடது பக்கம் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துத் தலை குனிந்தார்.

"மன்னிக்கணும் ஐயா," என்றார். "அம்மாவுக்குத் தாகமா இருக்காம். ஒரு நிமிஷம் கூட்டிட்டுப் போறேன்."

குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை.

பிறகு பலகை மறுபடி கிரீச்சிட்டது. வழிவிட்டு ஒதுங்கியது போல.

மாஸ்டர் ஹெர்மீனியாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓடவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை. இருபத்திரண்டு படியும் இறங்கி, தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நெரேய்தா அதே பதினாறு சுற்றை வாசித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் பாதி வரியில் கையைத் தூக்கிவிட்டு, பின்பக்கப் படிகளில் தலைதெறிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இதயம் முன்பைவிடச் சீராக இருக்கிறது என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அம்மா பிழைத்துவிட்டாள் என்ற நிம்மதியில் நெரேய்தா அடுப்பில் காப்பி வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். இனி அந்தக் கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். மனம் போனபடி வாசிக்கும் ஆசையும் போதும். தாளே போதும்.

காப்பியோடு முன்னறைக்கு வந்தாள். அம்மா பியானோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரும்மா. வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கே."

"இருக்கட்டும்டி. நிக்கிறதுக்குக் கஷ்டமா இல்ல."

ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் இதையேதான் சொன்னாள் என்பது நெரேய்தாவுக்கு நினைவு வந்தது. உங்கம்மா படுக்க மாட்டேங்கிறாங்க, கட்டில் பக்கத்துலயே நிக்கிறாங்க என்று. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹெர்மீனியா விசிறியை விரித்தாள். நிதானமாக, மரியாதையாக வீசிக்கொண்டாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. விசிறி வலது கையில் இருந்தது. ஆனால் இடது காதோரத்து நரைமுடிதான் அசைந்தது. யாரோ மிக அருகில் குனிந்து பேசுவது போல அது முன்னும் பின்னும் அசைந்தது. ஹெர்மீனியா காது கொடுத்துக் கேட்டாள். புதுப்பெண் போலச் சிரித்தாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள், இடது பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில். "சின்னப் பொண்ணுதானே. களைச்சுப் போயிட்டா."

நெரேய்தா காப்பிக் கோப்பையோடு ஓரடி பின்வாங்கினாள். அறையில் ஆற்றுச் சேற்று வாடை அடித்தது.

ஹெர்மீனியா மகளைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. விருந்தாளி முன்னால் பிள்ளை மரியாதை தவறும்போது தாய்க்கு வருகிற சங்கடம் மட்டும் இருந்தது.

"பாட்டைப் பாதியில விட்டுட்டு வந்துட்டியே. எவ்வளவு நேரம்தான்டி அவரை நிக்க வைப்பே?" என்றாள்.

மூடியிருந்த பியானோவின் மூடி, அவர்கள் இருவரும் தொடாமலே, மெல்லத் திறந்தது.