ரோஸாவின் நிலவறை

மஞ்சள் நிறத் தபால் பஸ் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மணி பன்னிரண்டே முக்கால். சுகந்தி கையிலிருந்த சாப்பாட்டுப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த பள்ளத்தாக்கு. நாலைந்து வீடுகள், ஒரு சிறிய கோயில், ஓர் ஓடை. ஓடை ஓடுவது தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை.

"வெயிலைக் காணேல்லையே," என்றாள்.

"நவம்பர் தொடங்கினா இஞ்சை வெயில் விழாதாம். மாசி வரைக்கும் இப்படித்தானாம். டிரைவர் சொன்னவன்," என்றான் குகதாசன்.

எதிர்மலையின் உச்சியில் மட்டும் வெயில் மஞ்சளாகப் படிந்திருந்தது. கீழே எல்லாம் நீலம் கலந்த ஒரு மங்கல். நடுப்பகலிலேயே பொழுதுபட்டுவிட்டது போல இருந்தது.

அது 1986. குகதாசன் துன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். அவன் மனைவி சுகந்தி அதே ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறவள். அன்று வியாழக்கிழமை, இருவருக்கும் லீவு. அவர்கள் பார்க்க வந்தது அவளுடைய தம்பி தயாபரனை. அகதி விண்ணப்பம் முடிவாகும்வரைக்கும் அவனை இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கிழவியின் மாட்டுப் பட்டியில் வேலைக்கு விட்டிருந்தார்கள். முதலில் வாரத்துக்கு ஒரு கடிதம் போட்டான். பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை. கடைசியாக அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. மூன்றே மூன்று வரி.

"அக்கா, நான் ஊருக்குத் திரும்பிப் போறதுக்குக் கையெழுத்து வைக்கப் போறன். திங்கட்கிழமை பொலிஸில் போய்ச் சொல்லப் போறன். இந்த வீட்டை விட்டு வெளிக்கிட எனக்கு வேற வழியில்லை."

அதைப் படித்துவிட்டு சுகந்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனி மாதம் அவர்களுடைய ஊரைச் சுற்றி வளைத்த ஆமி, தயாபரன் வயதுப் பொடியங்கள் பதினொரு பேரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனது. ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அந்த ஊருக்கா இவன் தானாகப் போகப் போகிறான்?

வீடு ஓடைக்கு அப்பால் தனியாக நின்றது. கல்லால் கட்டிய அடித்தளம், அதன்மேல் கறுத்துப்போன மரச்சுவர்கள். கதவைத் திறந்தவள் ஃபிராவ் கெர்பர் என்ற அந்தக் கிழவி. எழுபது வயதிருக்கும். நிமிர்ந்த உடம்பு, வெளிறிய கண்கள். குகதாசன் தான் யாரென்று ஜெர்மனில் சொன்னான். அவள் அவர்களை உற்றுப் பார்த்துவிட்டு, குசினிக்குப் பக்கத்து அறையைக் கையால் காட்டினாள்.

அறைக்குள் ஈரமண் மணத்தது.

வீட்டுக்குள்ளே எங்கிருந்து மண் மணம் என்று யோசித்தபடி உள்ளே கால் வைத்த சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரமாக இடுப்பளவு உயரத்துக்குக் கற்கள் குவிந்திருந்தன. நிலத்துப் பலகைகள் நாலைந்து கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குழியின் ஓரத்தில் தயாபரன் குந்தியிருந்தான். கண்கள் குழிவிழுந்து, தாடி வளர்ந்து, விரல் நகங்கள் உடைந்து இரத்தம் காய்ந்து போயிருந்தன.

"தம்பி! என்னடா இது?"

"அக்கா, மெல்லமாக் கதை," என்றான். "காலைச் சத்தமா ஊன்றாதை. அவவுக்குக் கேக்கும்."

"ஆருக்கு?"

அவன் குழியைப் பார்த்தான்.

டொக். டொக். டொக்.

கீழேயிருந்து வந்தது. கல்லில் மரம் படுகிற சத்தம். அவசரமில்லாமல், ஒரே அளவாக.

சுகந்தியின் கை தானாகக் குகதாசனின் சட்டையைப் பற்றியது. ஊரில் கதவு தட்டுப்பட்ட இரவுகள் அவளுக்கு நினைவிருந்தன. அந்தப் பயம் வேறு. வெளியே நிற்பது யாரென்று அப்போது தெரியும்.

தயாபரன் ஒரு கல்லை எடுத்துப் பலகையில் மூன்று முறை தட்டினான்.

கீழே அமைதி.

"பதில் குடுக்காட்டி விடாது அக்கா," என்றான் குரலைத் தாழ்த்தி. "வந்த புதுசிலை எலியாக்கும் எண்டு நினைச்சு நானும் திருப்பித் தட்டினன். விளையாட்டுக்கு. அந்த நாளிலயிருந்து என்னைக் கேக்குது. குடுக்காட்டி வேகமாத் தட்டும். பிறகு சுரண்டும். பிறகு அழும். ஒரு மாசமாத் தோண்டுறன். கல்லுக்குக் கீழை கல்லுத்தான் கிடக்குது."

"விசர்க்கதை கதையாதை. வெளிக்கிடு, இப்பவே போவம்."

"என்னண்டு போறது? நான் வருவன் எண்டெல்லே அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா. நானா விட்டிட்டுப் போகேலாது அக்கா. பொலிஸ் வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனாத்தான் உண்டு."

குகதாசன் அறையை விட்டு வெளியே போனான். குசினி மேசையில் ஃபிராவ் கெர்பர் கைகளை மடித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் வருவான் என்று காத்திருந்தவள் போல.

"அந்த அறைக்குக் கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டான்.

அவனுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நிலவறை. பழைய வீட்டின் நிலவறை. நாற்பது வருடத்துக்கு முன் பனிச்சரிவு வந்தது. வீடு போய்விட்டது. நான் பட்டியில் இருந்தேன், தப்பினேன். என் தங்கை ரோஸா உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போயிருந்தாள்."

கிழவி மேசையைப் பார்த்தாள்.

"அவள் உயிரோடு இருந்தாள். தட்டினாள். ஊர் ஆண்கள் வந்து கேட்டார்கள். மேலே இன்னொரு சரிவு தொங்கிக்கொண்டு நின்றது. தோண்டினால் எல்லோரும் சாவோம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு நாளும் வந்தேன். தனியாக என்னால் தோண்ட முடியவில்லை. அதனால் மண்வெட்டிக் காம்பால் திருப்பித் தட்டினேன். இருக்கிறோம், வருகிறோம் என்று சொல்வதற்கு. நாலு நாள். ஐந்தாம் நாள் அவள் தட்டவில்லை."

"பிறகு?"

"வசந்தத்தில் பனி கரைந்ததும் எடுத்துப் புதைத்தோம். கையில் மரக்கரண்டி இருந்தது. நிலவறையைக் கல்லால் நிரப்பி, மேலே இந்த வீட்டைக் கட்டினோம். ஆனால் தட்டுவது நிற்கவில்லை. இந்த வீட்டில் இருந்த எவரும் அதற்குப் பதில் கொடுத்ததில்லை. அதுதான் எங்கள் வழக்கம்."

"என் மச்சானுக்கு அதைச் சொல்லியிருக்கலாமே?"

கிழவி மடித்திருந்த கைகளைப் பிரித்தாள்.

"கல்லை வெளியே எடுக்கிறான் என்று தெரிந்தது. நான் தடுக்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது. யாராவது தோண்டட்டும் என்று விட்டுவிட்டேன்."

குகதாசன் திரும்பி வந்து அத்தனையையும் சுகந்தியிடம் தமிழில் சொன்னான். அவள் முகம் இறுகியது. குசினிப் பக்கம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

டொக். டொக். டொக்.

யாரும் அசையவில்லை.

டொக் டொக் டொக்.

கற்குவியலின் உச்சியில் இருந்த ஒரு சிறுகல் உருண்டு குழிக்குள் விழுந்தது. அது அடியில் படுகிற சத்தம் கேட்கவில்லை. ஒரு கை ஏந்திக்கொண்டது போல.

பிறகு சுரண்டத் தொடங்கியது. அவர்களுடைய கால்களுக்கு நேர் கீழே.

தயாபரன் கல்லை எடுத்துக் கையை ஓங்கினான். சுகந்தி அந்தக் கையை இறுகப் பிடித்தாள்.

"வேண்டாம்."

"விடு அக்கா, அழப்போறா!"

"அழட்டும். உனக்கு வயசு இருபத்திரண்டு. அவவுக்காக நீ ஊருக்குப் போய்ச் சாகப் போறியோ?"

அழுகை வந்தது. கற்களுக்கு அடியில் வெகு ஆழத்திலிருந்து, மூச்சுத் திணறிய ஒரு பெண்ணின் அழுகை. குசினியில் கிழவி உட்கார்ந்திருந்த கதிரை சரிந்து விழும் சத்தம் கேட்டது. நாற்பது வருடமாகக் கேட்டு வந்தவளுக்கும் அது பழகியிருக்கவில்லை.

சுகந்தி குழியோரத்தில் முழந்தாளிட்டாள். முகத்தில் பனியின் குளிர் அடித்தது. தோண்டி வைத்த கிழங்கின் மணமும் கூட வந்தது. அவளுக்கு ஜெர்மன் சரியாக வராது. வாயில் வந்த தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா ரோஸா, இவன் என்ரை தம்பி. எங்களுக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். நான் கூட்டிக்கொண்டு போறன். எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அழுகை நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல ஒரு அமைதி. அவள் எழுந்தாள். எந்த வீட்டை விட்டுப் புறப்பட்டாலும் வாசலில் சொல்லுகிற சொல், பழக்கத்தில் தானாக வந்து விழுந்தது.

"போட்டு வாறம்."

சொன்ன பிறகுதான், திரும்பி வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டது அவளுக்கு உறைத்தது. தயாபரன் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

கீழே ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் அவனுடைய பையை எடுத்துக்கொண்டு, அவனை நடுவில் விட்டு, ஓடையைத் தாண்டி நடந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டரை மணி பஸ்ஸில் ஏறி, பள்ளத்தாக்கின் வாயைக் கடந்ததும் வெயில் வந்து கண்ணில் குத்தியது. தயாபரன் அக்காவின் தோளில் சாய்ந்து, துன் வரும்வரை எழும்பாமல் நித்திரை கொண்டான்.

அவன் பொலிஸுக்குப் போகவில்லை. ஹோட்டல் முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தால் துன்னிலேயே இருக்க அனுமதி கிடைத்தது. சாப்பிட்டான், தாடி வழித்தான், நகங்கள் வளர்ந்தன. மார்கழி பிறந்தபோது குகதாசனின் பகிடிக்குச் சிரிக்கவும் தொடங்கினான். அந்த வீட்டைப் பற்றி அவர்கள் கதைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டெலிபோன் அடித்தது. தயாபரன் இன்னும் படுக்கையில். சுகந்தி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். குகதாசன் எடுத்தான். வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான்.

"ஆர் அது?"

"கெர்பர் கிழவி." அவன் ரிசீவரைக் கையால் பொத்தினான். "நாங்கள் வெளிக்கிட்ட நாளிலயிருந்து தட்டுறேல்லையாம்."

"அப்பாடா."

"இல்லை. இப்ப கதைக்குதாம். ஒரே ஒரு சொல்லு. உங்கடை பாஷையோ, என்ன அர்த்தம் எண்டு கேக்கிறா."

"என்ன சொல்லு?"

"வாறன்."

சுகந்தி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் வாறம் எண்டெல்லே சொன்னனான்," என்றாள் மெல்ல.

குகதாசன் ரிசீவரை மறுபடி காதில் வைத்தான். கேட்கக் கேட்க அவன் குரல் தேய்ந்தது. "போன கிழமை நிலவறையிலை கேட்டதாம். முந்தநாள் படியிலை. இண்டைக்கு விடிய, பஸ் நிக்கிற இடத்திலை."

"பிறகு?"

"முதல் பஸ் வந்து நிண்டதாம். நிண்டது கிழவி மட்டுந்தானாம், அவவும் ஏறேல்லை. ஆனா டிரைவர் கதவைத் திறந்து, ஆரோ ஏறுற அளவுக்குக் காத்திருந்து, பிறகுதான் மூடினவனாம்."

சுவர் மணிக்கூட்டில் பத்தேகால், முதல் பஸ் துன்னுக்கு வந்து சேர்ந்திருக்கும். உள்ளறையில் தயாபரன் கட்டிலில் எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான் அவன் அங்கிருந்து. "கீழை கதவடியிலை ஆரோ தமிழிலை கதைக்கினம்."